பேர் வெட்டாத தட்டு

ஆனையூரில் எங்கள் வீட்டு அடுப்படி ஏனங்களை ஒரு சுற்றுப் பார்த்தாலே போதும், அந்த வீட்டில் யாருக்கு என்ன இடம் என்று தெரிந்துவிடும். தாத்தாவுக்கு வெண்கலக் கும்பா. அப்பாவுக்கு விளிம்பு உயர்ந்த பித்தளை வட்டில், அதன் பக்கத்தில் வெஞ்சனத்துக்கு ஒரு சின்னக் கிண்ணம். பிள்ளைகளுக்கு அலுமினியத் தட்டு. எது யாருடையது என்ற சண்டை தினமும் நடக்கும். அம்மாவுக்கும் அப்பத்தாவுக்கும் தனி ஏனமே கிடையாது. எல்லாரும் எழுந்த பிறகு குழம்புச் சட்டியிலேயே மிச்சச் சோற்றைப் போட்டு, ஒட்டியிருப்பதை வழித்துப் பிசைந்து சாப்பிடுவார்கள். அதுதான் ருசி என்றும் சொல்லிக்கொள்வார்கள். அக்கா ஒருநாள் அந்தச் சட்டியில் கை வைத்தபோது, "சட்டியில தின்னா ஒன் கல்யாணத்தன்னைக்கு மழை பெய்யும்டி" என்று அப்பத்தா அதட்டினாள். கல்யாணமாகி, பிள்ளை பெற்று, சட்டியில் சாப்பிடும் நிலைக்கு வரும்வரை பெண்பிள்ளைக்கும் தட்டு உண்டு என்பதுதான் அந்தச் சட்டம். மழையை அதற்குச் சாட்சியாக இழுத்துவிட்டிருந்தார்கள்.

அப்போது ஆனையூர் தனி ஊராட்சி. கூடல் நகர் ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் வயலும் கண்மாயுமாகக் கிடந்தது. மதுரை மில்களுக்கு சைக்கிளில் போகிறவர்களும், விடிந்தால் வயலில் இறங்குகிறவர்களும் ஒரே தெருவில் இருந்தோம். 2011-ல் மாநகராட்சியோடு சேர்த்துவிட்டார்கள். இன்றைக்கு வந்து பார்ப்பவருக்கு இது மதுரையின் இன்னொரு பேட்டை, அவ்வளவுதான்.

தாத்தாவின் கும்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வாய் அகன்று, வயிறு குழிந்து, அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு ஒரு பாதம். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தவர் இடது கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டால் அது ஆடாது, சாயாது. செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்த கனம் அதில் இருந்தது. நகத்தால் சுண்டினால் ஓசை அடங்க நேரமாகும். முந்தின நாள் காய்ச்சிய கம்மங்கஞ்சியை மோர் விட்டுக் கரைத்து அதில் ஊற்றுவாள் அப்பத்தா. தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம், மோர்மிளகாய், வாய்த்தால் சுட்ட கருவாடு. தாத்தா கடைசி வாயைக் குடித்துவிட்டு, கும்பாவிலேயே தண்ணீர் ஊற்றிக் கை அலம்பி அந்தத் தண்ணீரையும் குடித்துவிடுவார். கம்பு ஒரு பருக்கை வீணாகாது. அந்தக் கும்பாவில் வேறு யாரும் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அவர் காய்ச்சலில் கிடந்த நாட்களில் அது கவிழ்ந்தபடி இருந்ததே தவிர, இன்னொருவர் கைக்குப் போகவில்லை.

இந்த வரிசையில் சேராத ஏனம் ஒன்றும் எங்கள் வீட்டில் இருந்தது. அது அடுப்படிக்குள் வராது. மாட்டுத் தொழுவத்து எரவாணத்தில் செருகியிருக்கும். பெரிய தேங்காயின் செரட்டை, உள்ளே வழவழவென்று தேய்ந்தது. உழவுக்கு வருகிற பெரியவருக்கு அதில்தான் கஞ்சி. அவராகவே எடுத்து, அவராகவே கழுவி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு குந்தியிருப்பார். அம்மா எட்ட நின்று உயரத்திலிருந்து ஊற்றுவாள். ஏனமும் ஏனமும் படக்கூடாது. தாத்தா வயசுதான் அவருக்கும். நாங்கள் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டோம், அவர் எங்களைச் சின்னய்யா என்றார். அவர் போன பிறகு செரட்டை மறுபடியும் எரவாணத்துக்குப் போகும். மழைக்காலத்தில் அதில் குளவி கூடு கட்டியிருக்கும். அவர் குச்சியால் தட்டிவிட்டுக் கழுவிக்கொண்டு வந்து நீட்டுவார். எங்கள் வீட்டில் ஒருவர்கூட அதைத் தட்டிவைத்ததில்லை.

டீக்கடையிலும் இதே கதைதான். எங்களுக்கு மேசை மேல் கண்ணாடி கிளாஸ். கீற்றுச் சுவரில் ஆணி அடித்துத் தனியாக மாட்டிய கிளாஸ்கள் பெரியவரைப் போன்றவர்களுக்கு. குடித்துவிட்டுத் தாங்களே கழுவி அதே ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். மீனாட்சியம்மன் கோயிலுக்குள், அதுவரை உள்ளே விடப்படாதிருந்த கக்கன் முதலானவர்களை வைத்தியநாதய்யர் அழைத்துக்கொண்டு போனது 1939 ஜூலை 8-ந் தேதி. தீண்டாமையைக் குற்றமாக்கும் சட்டம் 1955-ல் வந்தது. ஆயிரங்கால் மண்டபத்துக் கோயில் கதவு திறந்து ஒரு தலைமுறை ஆன பிறகும், பத்துக் காசு டீயின் கிளாஸ் ஆணியைவிட்டு இறங்கவில்லை. சாமி முன்னால் சேர்ந்து நிற்கலாம், ஆனால் எச்சில் சேரக்கூடாது. வாயில் படுகிற பாண்டம் என்று வந்துவிட்டால் நம் ஆட்கள் சாமியைவிடக் கறார். கிராமங்களில் இந்த ரெட்டை கிளாஸை எதிர்த்து எத்தனையோ பேர் அடி வாங்கியிருக்கிறார்கள். பிறகு பிளாஸ்டிக் கப்பும் பேப்பர் கப்பும் வந்தன. குடித்ததும் கசக்கி எறிந்துவிட்டால் யாருக்கு எது என்ற கேள்வியே எழாது. சில கடைகளில் மனசு மாறியது. பல கடைகளில் கப்புதான் மாறியது என்பது என் கணிப்பு.

வருஷத்துக்கு ஓரிரு தடவை ஈயம் பூசுகிறவர் தெருவுக்கு வருவார். "பாத்திரத்துக்கு ஈயம் பூசறதேய்" என்ற குரல் முனையில் கேட்டதுமே பித்தளை ஏனங்கள் வெளியே வந்துவிடும். வேப்பமரத்தடியில் சின்னக் குழி பறித்து, தோல் துருத்தியின் மூக்கை அதில் சொருகி, கரி போட்டு ஊதுவார். துருத்தி ஊத எங்களுக்குள் அடிபிடி. வட்டிலை இடுக்கியால் பிடித்துத் தணலில் காட்டிக்கொண்டே இருப்பார். நிறம் மாறும் பக்குவத்தில் நவச்சாரத்தூளை ஒரு சிட்டிகை தூவுவார். குபுக்கென்று வெள்ளைப் புகை கிளம்பி மூக்கில் ஏறும், கண் எரியும். அந்தப் புகை அடங்குவதற்குள் ஈயக்குச்சியை ஒரு இழுப்பு இழுத்து, பஞ்சுச் சுருளால் சுற்றித் தேய்த்தால், கறுத்துக் கிடந்த உள்பக்கம் முழுக்க வெள்ளி ஓடும். உடனே தண்ணீருக்குள் முக்குவார், சுர்ரென்று சத்தம். இந்தப் பூச்சு இல்லாவிட்டால் புளிக்குழம்பு பித்தளையோடு சேர்ந்து களிம்பேறி வாந்தியில் கொண்டுபோய் விடும். அதனால்தான் வெண்கலத்துக்கு அவ்வளவு மரியாதை. அதற்கு ஈயம் வேண்டாம்.

எவர்சில்வர் வந்ததும் அந்தத் துருத்திச் சத்தம் நின்றுபோனது. புளிக்கும் மோருக்கும் அசையாது, கீழே விழுந்தால் நசுங்காது, சாம்பல் போட்டுத் தேய்த்தால் முகம் தெரியும். அம்மாவுக்கு அது வெறும் பாத்திரமாகத் தெரியவில்லை. பட்டணத்து வாழ்க்கையே வீட்டுக்குள் வந்த மாதிரி இருந்தது. பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் அம்மாக்கள் மத்தியானத்தில் வந்து திண்ணையில் உட்கார்ந்து சேலைகளைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். "ஜரிகை கருத்துப் போச்சே தாயீ, இன்னொரு பேண்ட்டு சேத்துப் போடு, இந்தக் கிண்ணத்தத் தாரேன்." அப்பாவின் கல்யாண வேட்டி அப்படித்தான் ஒரு குழிக்கரண்டியாக மாறியது. அதை அவர் கடைசிவரைக்கும் மன்னிக்கவில்லை.

நல்ல ஏனம் வாங்க மதுரைக்குள் போவோம். மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபம். கல் யாளிகளுக்கு நடுவே தையல் மிஷின்கள் ஓடும். வளையல், ஜாதகப் புத்தகம், பாத்திரம் எல்லாம் அங்கேதான். (அந்தக் கடைகளைப் பிறகு குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். மண்டபம் மூச்சு விடுகிறது; எனக்குத்தான் அது காலியாக இருப்பது பழகவில்லை.) விலை பேசி முடித்ததும் கடைக்காரர் கேட்பார்: "பேர் என்ன வெட்டணும்?" கடை ஓரத்தில் ஒருவர் முழங்காலுக்கு நடுவே பாத்திரத்தை இடுக்கிக்கொண்டு, சின்ன உளியும் சுத்தியலுமாக டக்டக்கென்று புள்ளி புள்ளியாக எழுத்தைப் பொறிப்பார். முதலில் அப்பாவின் இனிஷியல், பிறகு பேர், கீழே வருஷம். சீர்ப்பாத்திரம் என்றால் கொடுத்தவர் பேரும் சேரும். மொய் நோட்டுக்கு அடுத்தபடி உறவுக்கணக்கு தெரிவது அங்கேதான். எந்த மாமன் எந்த அண்டாவைக் கொடுத்தான் என்பது இருபது வருஷம் கழித்துச் சண்டை வரும்போது அண்டாவின் கழுத்தில் எழுதியிருக்கும்.

பாத்திரத்தில் பேர் கீறுகிற இந்த ஆசை எவர்சில்வரோடு வந்ததல்ல என்பது கீழடிக்குப் போனபோதுதான் உறைத்தது. மதுரைக்குத் தென்கிழக்கே, வைகைக் கரையை ஒட்டிய ஊர். 2023 மார்ச் 5-ல் திறந்த அருங்காட்சியகத்தில் கறுப்பு-சிவப்புப் பானை ஓடுகளும் கிண்ணங்களும் இருக்கின்றன. சூளையில் கவிழ்த்து அடுக்கிச் சுட்டதால் காற்றுப் படாத உள்பக்கமும் விளிம்பும் கறுத்துவிடும், வெளிப்பக்கம் சிவந்துவிடும். அந்த ஓடுகள் சிலவற்றில் தமிழி எழுத்தில் பேர்கள்: ஆதன், குவிரன். ராஜா பேர் இல்லை, கல்வெட்டு இல்லை. கஞ்சி குடித்த சட்டியில் கீறிய பேர்கள். இது என்னுடையது, எடுக்காதே என்று இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் வைகைக் கரையில் ஒருவர் சொல்லியிருக்கிறார் என்றே எனக்குத் தோன்றியது. அறிஞர்கள் வேறு காரணம் சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

நான் நாலாம் வகுப்புப் படிக்கும்போது அப்பா வேலை பார்த்த மில்லைப் பூட்டிவிட்டார்கள். கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. முதல் மாதம் தெரியவில்லை. அடுத்த மாதம் பரணிலிருந்து பித்தளை அண்டா இறங்கியது. அப்பா அதைச் சாக்கில் சுற்றி சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு விடிவதற்கு முன்னால் போய்விட்டார். அப்புறம் இரண்டு தவலை, பெரிய குடம், குத்துவிளக்கு. அடகு வைக்கப்போவதில் ஒரு வரிசை உண்டு. பரணில் கிடப்பது முதலில், விசேஷத்துக்கு எடுப்பது அடுத்து, தினமும் புழங்குவது கடைசியில். தெருவில் யாருக்கும் தெரியக்கூடாது என்பதால் அடுப்படி முன்பக்கத்தை மட்டும் கடைசிவரைக்கும் நிறைத்தே வைத்திருந்தாள் அம்மா. ஆசை ஆசையாகச் சேர்த்த எவர்சில்வர் ஏனங்களை ஒருதரம் கொண்டுபோனார் அப்பா. கடைக்காரர் தட்டிப் பார்த்து, "தகரத்துக்கு நான் என்னங்க தர்றது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம். பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் எடை போட்டுப் பணம் வரும். பளபளப்புக்கு வராது. அம்மா அன்றைக்கு அந்தக் கிண்ணங்களை அடுக்கிய சத்தம் வாசல்வரை கேட்டது.

கடைசியில் கும்பாவும் போனது. தாத்தாதான் எடுத்துக் கொடுத்தார். "எனக்கென்னடா, சட்டியில ஊத்துனா எறங்காதா?" மீட்கத்தான் நினைத்தார்கள். வட்டி ஏறி, தவணை தாண்டி, அது மூழ்கிப்போனது.

அந்த நாட்களில்தான் பள்ளிக்கூடத்து மத்தியானச் சாப்பாட்டு வரிசையில் நான் நின்றேன். அதுவரை நாங்கள் வீட்டுக்கு ஓடிவந்து சாப்பிடுகிற கூட்டம். பள்ளியில் சாப்பிடுகிறவர்கள் யார் என்று வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். காலையில் பைக்கட்டோடு தட்டும் வரும், நடக்கும்போது உள்ளே பலகையோடு மோதிச் சத்தம் போடும். அந்தச் சத்தத்துக்கு என்று ஒரு பட்டப்பேரே வைத்திருந்தோம், அதை இங்கே எழுத மாட்டேன். காமராசர் 1956-ல் ஆரம்பித்த மதிய உணவு அது. எங்கள் காலத்தில் அமெரிக்காவிலிருந்து கேர் நிறுவனம் அனுப்பிய கோதுமை ரவையும் எண்ணெயும்தான் பெரும்பாலும். ஆயா அதை மஞ்சளாகக் கிண்டி, வாளியிலிருந்து அகப்பையால் தட்டில் அறைவாள். சூடாக இருக்கும்போது பரவாயில்லை, ஆறினால் தட்டைக் கவிழ்த்தாலும் விழாது.

முதல் நாள் காலையில் அம்மா ஏனப்பெட்டியைத் துழாவியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். எவர்சில்வர் தட்டுகள் இருந்தன. ஒன்றை எடுத்தாள், திருப்பினாள், விளிம்பில் அப்பாவின் பேர். அதை உள்ளே வைத்துவிட்டு இன்னொன்று எடுத்தாள், அதிலும் பேர். எல்லாவற்றிலும் இருந்தது, அவளே காசு கொடுத்து வெட்டச் சொன்னது. கடைசியில் அடியில் கிடந்த ஒரு பழைய அலுமினியத் தட்டை இழுத்தாள். ஒரு பக்கம் சொட்டை, நடுவில் கரண்டி குத்திய குழி. இரண்டு தடவை கழுவி, முந்தானையால் துடைத்து என் பையில் வைத்தாள். "எவர்சில்வருன்னா களவு போயிரும்" என்றாள். நான் நம்பினேன். அப்பாவின் பேர் அந்த வரிசையில் நிற்கக்கூடாது என்பது புரிய எனக்கு மீசை முளைக்க வேண்டியிருந்தது.

வரிசையில் எனக்கு முன்னால் நின்றவன் எங்கள் உழவுக்காரப் பெரியவரின் பேரன். அவனுடைய தட்டும் அலுமினியம்தான். ஆயா இருவருக்கும் ஒரே அகப்பையால், ஒரே உயரத்திலிருந்து போட்டாள். வீட்டில் இதை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பசியோடு இருந்திருப்பேன் என்று அந்த வயசிலேயே தெரிந்திருந்தது. காமராசர் திட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எத்தனை பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள் என்று கணக்குச் சொல்வார்கள். அது சரியான கணக்குதான். அந்த அகப்பை எத்தனை எரவாணங்களைக் கடந்து வந்தது என்பதையும் யாராவது எழுத வேண்டும். 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தபோது, ஒரு கையில் சிலேட்டும் மறு கையில் தட்டுமாகப் போகிறார்கள் என்று கேலி பேசினவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். எல்லாரும் வீட்டில் வட்டில் வைத்திருந்தவர்கள். 2022 செப்டம்பர் 15-ல் காலை உணவுத் திட்டத்தையும் மதுரையில்தான் தொடங்கினார்கள், ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில். முதலமைச்சர் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்ட படம் பேப்பரில் வந்தது. நான் சாப்பாட்டைப் பார்க்கவில்லை, தட்டுகளைப் பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரி.

ஆறாம் வகுப்பில் எங்களுக்குத் தமிழ் நடத்திய ஐயா மணிமேகலைக் கதையைப் பாடத்துக்கு வெளியே போய்ச் சொல்லுவார். அமுதசுரபி எல்லாருக்கும் தெரியும். அள்ள அள்ளக் குறையாத பாத்திரம். அது முதலில் யார் கையில், எந்த ஊரில் கிடைத்தது என்று கேட்டார். வகுப்பே "காவிரிப்பூம்பட்டினம்" என்றது. "முட்டாப் பயலுகளா, மதுரையிலடா" என்றார். எங்களுக்கு ஒரே பெருமை.

ஆபுத்திரன் கதை அது. தாய் விட்டுப்போன குழந்தை. பசு பால் கொடுத்துக் காப்பாற்றியது. வளர்ந்தபின் வேள்விக்குக் கட்டியிருந்த ஒரு பசுவை இரவோடிரவாக அவிழ்த்துக்கொண்டு போனான். பிடித்து அடித்தார்கள்; ஊரைவிட்டு விரட்டினார்கள். அவன் பிச்சைக்குப் போன இடத்தில், நீட்டிய பாத்திரத்தில் கல்லைப் போட்டார்கள். சோறு இல்லை என்று சொல்லியிருக்கலாம், போட்டது கல். அந்தப் பாத்திரத்தோடுதான் அவன் தென்மதுரைக்கு வந்தான். சிந்தாதேவி கோயிலின் முன்மண்டபத்தில் தங்கி, வீடு வீடாக வாங்கிவந்து, கண் தெரியாதவர், காது கேளாதவர், கால் முடியாதவர், ஆதரவில்லாதவர் எல்லாரையும் கூப்பிட்டு ஊட்டி, மிஞ்சியதைத் தின்று, அந்தப் பாத்திரத்தையே தலைக்கு வைத்துத் தூங்கினான். ஒரு மழை ராத்திரி வழிப்போக்கர்கள் பசி என்று வந்து எழுப்ப, கொடுக்க ஒன்றுமில்லாமல் அவன் தவித்தபோதுதான் தேவி தன் கையிலிருந்த பாத்திரத்தைக் கொடுத்தாள். இந்த வரிசை முக்கியம். அற்புதப் பாத்திரம் கிடைத்து அவன் கொடுக்கத் தொடங்கவில்லை. கல் விழுந்த பாத்திரத்திலேயே தொடங்கிவிட்டான்.

அடுத்து வருவதுதான் என்னை இன்றைக்கும் விடாமல் பிடித்திருக்கிறது. இந்திரனுக்குப் பொறுக்கவில்லை. அவன் பாத்திரத்தைப் பிடுங்கவில்லை, உடைக்கவும் இல்லை. பாண்டிய நாடு முழுக்க மழையைப் பெய்ய வைத்தான். விளைச்சல் கொழித்தது, பசி தீர்ந்தது, ஆபுத்திரன் முன்னால் கை நீட்ட ஆளில்லை. அவன் மனமுடைந்து, சாவக நாட்டில் பஞ்சம் என்று கேட்டுக் கப்பலேறினான். மணிபல்லவத்தில் இறங்கினபோது கப்பல் அவனை விட்டுவிட்டுப் போனது. ஆளில்லாத் தீவில் அந்தப் பாத்திரத்தால் தன் ஒரு வயிற்றை மட்டும் நிரப்பிக்கொள்ள மனமின்றி, வருஷத்துக்கு ஒருநாள் வெளிப்படட்டும் என்று கோமுகிப் பொய்கையில் விட்டு, பட்டினியிருந்து உயிரை விட்டான். ஐயா இதைச் சொல்லி நிறுத்தியதும் பின் பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். "ஐயா, ஊர்ல எல்லாருக்கும் சோறு கெடச்சா அவனுக்குச் சந்தோசமாத்தானே இருக்கணும்?" ஐயா வெகுநேரம் அவனைப் பார்த்துவிட்டு, "ஒக்காரு, நீதான்டா ஒழுங்காக் கேட்டிருக்க" என்றார். பதில் சொல்லவில்லை. மணிமேகலையை எழுதிய சாத்தனாரை மதுரைக் கூலவாணிகர் என்று சொல்லுவார்கள், தானியக் கடைக்காரர். மழை பெய்தால் விலை இறங்கும், பெய்யாவிட்டால் ஏறும் என்பதைக் கல்லாவில் உட்கார்ந்து பார்த்தவர். கொடுக்கிறவனுக்கு வாங்குகிறவன் எவ்வளவு தேவை என்பதை அவர் கண்டுகொண்டு எழுதியிருக்கிறார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அதே காவியத்தில் காயசண்டிகை என்ற ஒருத்திக்கு யானைத்தீ. எவ்வளவு தின்றாலும் அடங்காத பசிக்கு அந்தப் பேர். ஆனையூர்ப் பையன்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. பந்தியில் மூன்றாந்தரம் சோறு கேட்கிறவன் எல்லாம் யானைத்தீ ஆனான்.

உண்மையான யானைத்தீ மதுரைக்கு வந்தது 1876-ல். தாது வருஷப் பஞ்சம். ரயிலில் தானியம் போய்க்கொண்டிருந்தது, வாங்கக் காசில்லாதவர்கள் ரோட்டோரத்தில் செத்தார்கள். கல்லுடைக்கிற ஆம்பளைக்கு ஒருநாள் கூலி ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்று 1877-ல் பிரிட்டிஷ் அதிகாரி சர் ரிச்சர்ட் டெம்பிள் குறைத்தார். அந்த அளவில் ஆள் பிழைக்க முடியாது என்று சென்னை மாகாணச் சுகாதார அதிகாரி கார்னிஷ் சண்டை போட்டு, பிறகு கொஞ்சம் கூட்டினார்கள். ஏழையின் பாத்திரத்தில் எவ்வளவு இருக்கலாம் என்பதை ஆபீசில் உட்கார்ந்து எடை போட்ட காலம் அது. வடக்காவணி மூல வீதியில் குஞ்சரத்தம்மாள் என்ற தாசி, சேர்த்து வைத்ததையெல்லாம் விற்றுக் கஞ்சி காய்ச்சி ஊற்றினாள் என்று மதுரையில் சொல்லுவார்கள். என் அப்பத்தாவும் சொல்லியிருக்கிறாள், அவள் மாமியார் சொல்லக் கேட்டதாக. அப்பத்தாவின் கதையில் ராத்தல் கணக்கு வராது. "நீட்டுன சட்டி பெருசோ சின்னதோ, நெறைய ஊத்துனாளாம்" என்பாள்.

எங்கள் தெருக் கடைசியில் ஒரு பாட்டி இருந்தார். ஊர் அவரை பர்மாக்காரம்மா என்றது. ரங்கூனில் பிறந்து, அங்கேயே கல்யாணமாகி, 1964-ல் அரசாங்கம் கடைகளை எடுத்துக்கொண்டு பெரிய நோட்டுகளைச் செல்லாது என்று அறிவித்தபோது பிள்ளைகளோடு கப்பலேறி வந்தவர். அவர் வீட்டு இடியாப்பத்துக்காகவே நான் அங்கே போவேன். விடிகாலையில் அங்கே புத்த பிக்குகள் வரிசையாக வருவதைப் பற்றி அவர் சொன்னதுதான் எனக்கு முதலில் விநோதமாக இருந்தது. வெறுங்காலோடு வருவார்கள், கறுப்புப் பாத்திரத்தை வயிற்றோடு அணைத்திருப்பார்கள், வாய் திறந்து கேட்க மாட்டார்கள். சோறு போடுகிறவர்தான் செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து போட வேண்டும், போட்டுவிட்டுக் கும்பிட வேண்டும்.

"வாங்குறவரு கும்பிட மாட்டாரா?" என்று கேட்டேன்.

"அவரு எதுக்குய்யா கும்பிடணும்? வாங்கிக்கிட்டாரேன்னு நம்மதான் கும்பிடணும்."

எங்கள் வீட்டுத் தொழுவத்தில் நடப்பதற்கு இது நேர் எதிர். நீட்டுவது ஒரே பாத்திரம்தான், குனிகிற ஆள் மாறிவிட்டார். மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடிச் சமணர் மலைக்குப் பிற்பாடு போனபோது இன்னொன்றும் தெரிந்தது. அங்கே தவம் செய்த திகம்பரத் துறவிகளின் வழக்கத்தில் பாத்திரமே இல்லை. நின்றபடி, இரு கையையும் குவித்து, ஒரு நாளைக்கு ஒருவேளை. பாத்திரம் ஒன்று இருந்தால் அதைக் கழுவ வேண்டும், காக்க வேண்டும், இது என்னுடையது என்று சொல்ல வேண்டும். கீழடிக்காரர் அதில் பேர் கீறினார், எங்கள் அம்மா வெட்டச் சொன்னாள், இவர்கள் தூக்கியே எறிந்துவிட்டார்கள். எனக்கு அவ்வளவு துணிச்சல் கிடையாது. என் காப்பி டம்ளரில் வேறு யாராவது குடித்தாலே கோபம் வருகிறது.

2007 செப்டம்பரில் பர்மாவில் பிக்குகள் தெருவில் இறங்கினார்கள். பெட்ரோல் டீசல் விலையை ராணுவ அரசு ஒரே இரவில் ஏற்றியிருந்தது. எதிர்த்துப் போன பிக்குகளை பக்கோக்கு ஊரில் அடித்தார்கள். அதற்குப் பதிலாக அவர்கள் எடுத்த ஆயுதம், ராணுவத்தாரும் அவர்கள் குடும்பமும் போடுகிற பிச்சையை வாங்காமல் பாத்திரத்தைக் கவிழ்ப்பது. புத்தர் காலத்திலேயே சங்கத்துக்கு இருந்த உரிமை அது. சோறு போட்டுப் புண்ணியம் சேர்க்கிற வழியையே அடைத்துவிடுவது.

டிவியில் அந்தச் செய்தி ஓடிய நாளில் பர்மாக்காரம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். காது கேட்பது குறைந்துவிட்டதால் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தார். மழையில் நனைந்துகொண்டு காவித்துணிக் கூட்டம் நடந்தது. ஒருவர் கறுப்புப் பாத்திரத்தைத் தலைக்கு மேலே கவிழ்த்துப் பிடித்திருந்தார். பாட்டி கட்டிலிலிருந்து எழுந்து டிவிக்குக் கிட்டப் போய் நின்றுகொண்டார். எந்தத் தெரு என்று கண்டுபிடிக்கப் பார்த்தார்.

"சூலே பகோடாத் தெரு போல இருக்கு. எங்க கடை இதுக்கு ரெண்டு தெரு தள்ளி" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "சோறு போடுறவன் பெரியாளுன்னு நெனச்சுக்கிட்டானுக. கவுத்துட்டாங்க பாத்தியா? இனி எவன் வீட்டு அரிசிய எவன் வாயில போடுவானுக?"

அவர் மருமகள் உள்ளேயிருந்து, சாப்பிட வாங்கத்தே, ஆறுது என்று கூப்பிட்டாள். செய்தி முடியட்டும் என்று கையைக் காட்டிவிட்டு, நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.